ஜான் பால் ஜோன்ஸ் மாதிரி பேஸ் வாசிக்கப் பழகுறது எப்படி: நம்ம கொயர்ல பேஸ் பிடிக்கிறவங்களுக்கு

நாகர்கோவில்ல இருந்து மார்த்தாண்டம் வரைக்கும் எந்த சர்ச்சுக்குப் போனாலும் கொயர்ல ஒரு பேஸ் கிட்டார் நிக்கும், சிஎஸ்ஐ ஆனாலும் சரி கத்தோலிக்க கோயிலானாலும் சரி பெந்தகோஸ்து சபையானாலும் சரி. ஆனா அதை வாசிக்கிற பிள்ளைங்களுக்கு ஒழுங்கா சொல்லிக்குடுக்க ஆள் கிடைக்கிறது கஷ்டம். கீபோர்டுக்கு வாத்தியார் இருக்காங்க, கிட்டாருக்கு கிளாஸ் இருக்கு, பேஸ்னா மட்டும் "ரூட் நோட்டைப் பிடிச்சுட்டு நில்லு மக்கா"ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. ரூட் நோட்டு, அதாவது கார்டோட அடி நோட்டு, பிடிக்கிறது தப்பில்ல, ஆனா அதை எப்ப ஆரம்பிக்கணும் எவ்வளவு நேரம் விடணும் எப்ப நிறுத்தணும்னு யாரும் சொல்றதில்ல, அதாக்கும் பேஸோட முக்கால்வாசி விஷயமே.

அதனால நான் சொல்றது, பத்து பேர் வாசிக்கிறத நுனிப்புல் மேயாம ஒரே ஒரு ஆளைப் பிடிச்சு முழுசா கேளுங்க. என்னைக் கேட்டா லெட் செப்பெலின்ங்கிற இங்கிலாந்து ராக் பேண்டுல பேஸ் வாசிச்ச ஜான் பால் ஜோன்ஸ். காரணம் இருக்கு. அவரு நம்மள மாதிரி சர்ச்ல இருந்து வந்த ஆளு. 1946 ஜனவரி 3ல இங்கிலாந்துல சிட்கப்ங்கிற ஊர்ல பிறந்தவரு, சொந்தப் பேரு ஜான் பால்ட்வின், அப்பா பியானோ வாசிச்சு பேண்டுகளுக்கு அரேஞ்ச்மென்ட் எழுதுனவரு, மகன் 14 வயசுலயே உள்ளூர் சர்ச்ல ஆர்கன் வாசிச்சுக்கிட்டு கொயரையும் நடத்துனாரு. அப்புறம் லண்டன் ஸ்டூடியோக்கள்ல மத்தவங்க பாட்டுக்கெல்லாம் பேஸ் வாசிச்சும் வயலின் பார்ட் எழுதிக்குடுத்தும் வருஷக்கணக்கா வேலை பார்த்துட்டு 1968லதான் செப்பெலினுக்கு வந்தாரு. அதனால அவரு கையில பேஸ் இருந்தாலும் காது மொத்தப் பாட்டு மேல இருக்கும், இந்த இடத்துல பாட்டுக்கு என்ன வேணும் என்ன வேண்டாம்னு பார்த்துதான் விரலை வைப்பாரு. வேகமா வாசிக்கிறவங்க நிறைய இருக்காங்க, இப்படிக் கேட்டு வாசிக்கிறவங்க ரொம்பக் குறைவு. இதைத்தான் நாம அவருகிட்ட இருந்து எடுக்கணும், அவரோட நோட்டுகளை அப்படியே காப்பியடிக்கிறதைவிட இதுதான் நம்ம கொயருக்கு உதவும்.

முதல்ல கேக்குற விஷயம். போன் ஸ்பீக்கர்ல பேஸ் கேக்காது, கேக்குற மாதிரி தோணும், அவ்வளவுதான். பேஸோட கீழ் ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ், ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ், அந்தச் சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு கீழ இறங்காது, நீங்க கேக்குறது அந்த நோட்டோட மேல் ஹார்மோனிக்ஸ், அதாவது அதோட கூடவே ஒலிக்கிற மேல் சத்தம், மட்டும்தான். நல்ல ஹெட்போன் ஒண்ணு வாங்குங்க, விலை அதிகம் வேண்டாம், வயர் உள்ளதா இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னா புளூடூத்ல சத்தம் கொஞ்சம் லேட்டா வரும், கூட வாசிச்சுப் பழகும்போது அது கழுத்தறுக்கும்.

ஹெட்போன் போட்டு 1969ல வந்த ரெண்டாவது ஆல்பத்துல இருக்குற 'ராம்பிள் ஆன்' பாட்டை எடுங்க. பேஸைக் கையில எடுக்கவே வேண்டாம். முதல் தடவை பேஸை மட்டும் கேளுங்க, அடுத்து பேஸ் லைனை வாயால பாடுங்க, ம்ம்ம்னு முனங்கினாலும் போதும். வாயில வராத லைன் விரல்ல வராது மக்கா. பாடிப் பார்க்கும்போதே ஒண்ணு தெரியும், வெர்ஸ்ல அக்கூஸ்டிக் கிட்டாரும் லேசா ஒரு தட்டலும் மட்டும் இருக்குறப்ப பேஸ் கீழ நிக்காம மேல ஏறி ஒரு தனிப் பாட்டு பாடும், ஆனா கோரஸ்ல டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் முழுசா இறங்குனதும் இவரு கீழ வந்து டிரம்ஸோட சேர்ந்துருவாரு. மத்தவங்க குறைச்சா இவரு கூட்டுவாரு, மத்தவங்க கூட்டினா இவரு குறைப்பாரு. நம்ம ஊர்ல பெரும்பாலும் தலைகீழா நடக்கும், டிரம்ஸ் சூடு பிடிச்சதும் பேஸும் கூடவே ஓடும், அப்ப மொத்த ஹாலும் ஒரே இரைச்சலாயிரும்.

டேப், அதாவது விரல் வைக்கிற இடத்தை நம்பரால எழுதுன தாள், பார்த்துப் படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. டேப் எந்த ஃப்ரெட்டுன்னு, அதாவது நெக்குல குறுக்கா பதிச்ச எந்தக் கோட்டுலன்னு, சொல்லும், நோட்டு எவ்வளவு நேரம் நிக்கணும்னு பெரும்பாலும் சொல்லாது, எவ்வளவு அழுத்தி அடிக்கணும்னும் சொல்லாது. சந்தேகம் வந்த இடத்துக்கு மட்டும் டேப் பாருங்க. யூடியூப்ல வேகத்தை 0.75க்கு குறைச்சு நாலு நாலு பாரா, அதாவது நாலு நாலு தாளச் சுத்தா, எடுத்துக் கேளுங்க, இதுதான் எனக்குத் தெரிஞ்சு உருப்படியான வழி.

இப்ப கை. ஜோன்ஸ் ரொம்ப வருஷம் வாசிச்சது ஃபெண்டர் ஜாஸ் பேஸ், ரெண்டு பிக்கப், அதாவது கம்பியோட அதிர்வை வாங்குற காந்தப் பட்டை, இருக்கும். அந்த விலையெல்லாம் நமக்கு வேண்டாம், நாலு கம்பி உள்ள எந்த பேஸும் போதும், ஆக்ஷன் மட்டும் சரியா இருக்கணும், அதாவது 12வது ஃப்ரெட்டுல கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல ரெண்டு, ரெண்டரை மில்லிமீட்டர் இருந்தா சுகமா வாசிக்கலாம். நம்ம மாவட்டத்துல ரெண்டு மழையும் பெய்யும், ஜூன்ல ஒண்ணு அக்டோபர்ல ஒண்ணு, ஈரம் கூடிக் குறையும்போது நெக் லேசா வளையும் நிமிரும், அப்ப கம்பி ஏறிப் போச்சுன்னு வெப்ராளப்படாதீங்க, நெக்குக்குள்ள இருக்குற டிரஸ் ராடுங்கிற இரும்புக் கம்பியை கால் சுத்துக்கு மேல ஒரே நேரத்துல திருகாதீங்க, திருகிட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்க. முட்டம் குளச்சல் மாதிரி கடலோரத்துல இருக்குறவங்க வாசிச்சு முடிச்ச உடனே காஞ்ச துணியால கம்பியைத் துடைச்சே ஆகணும், உப்புக்காத்து கம்பியைத் தின்னுரும், அப்புறம் எப்படி அடிச்சாலும் மங்கலாத்தான் கேக்கும்.

வலது கையில ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாத்தி மாத்தி. ஜோன்ஸ் பிக், அதாவது மீட்டுற சின்னத் தட்டு, வச்சும் வாசிச்சிருக்காரு, ஆனா நாம விரலாலயே பழகுவோம். விரலை எடுத்துக் கம்பியைக் கிள்ளாதீங்க, விரல் கம்பியைக் கடந்து போயி அடுத்த கம்பி மேல சாஞ்சு நிக்கணும், ஏ கம்பியை அடிச்சா விரல் ஈ கம்பியில போயி நிக்கும், அப்ப ஈ கம்பி தானா அமைதியாயிரும். கட்டைவிரல் பிக்கப் மேல இருக்கட்டும், டி கம்பி ஜி கம்பிக்குப் போகும்போது கட்டைவிரலை ஈ கம்பி மேல இறக்கி வையுங்க. இதுல பாதி வேலை சத்தம் போடுறது, மீதி வேலை தேவையில்லாத சத்தத்தை அடக்குறது.

இடது கைக்கு வருவோம், இங்கதான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்லுவேன். ஒரு நோட்டை ரெண்டு விதமா நிறுத்தலாம், வலது விரலை வச்சு நிறுத்தலாம், இல்லன்னா இடது விரலை ஃப்ரெட்டுல இருந்து லேசா தூக்கி, கம்பியை விடாமலே நிறுத்தலாம். ரெண்டாவது வழியைப் பழகுங்க. மெட்ரோனோம் 60ல வச்சு ஈ கம்பி 3வது ஃப்ரெட்டுல ஜி நோட்டைப் பிடிங்க. முதல் ரவுண்டு நோட்டு நாலு பீட்டும் நிக்கட்டும், அடுத்த ரவுண்டு சரியா மூணாவது பீட்டுல அடங்கட்டும், அடுத்தது ரெண்டாவது பீட்டுல, அடுத்தது அடிச்ச உடனே டப்னு. அழுத்தத்தை மட்டும் விடுங்க, விரல் கம்பியை விட்டு எழும்பக்கூடாது, எழும்புச்சுன்னா ஓப்பன் கம்பி சத்தம் கூடவே வரும், அது மைக்ல அசிங்கமா கேக்கும். பாக்க ஒண்ணுமில்லாத பயிற்சி மாதிரி இருக்கும், ஆனா இதை விடாம செய்ற பிள்ளைங்களோட வாசிப்பு வேற மாதிரி மாறுறத நீங்களே கேப்பீங்க.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா நம்ம சர்ச்சுக்கெல்லாம் உயரமான கூரை, சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை. அங்க கீழ் நோட்டு ஒண்ணை அடிச்சா அது அடங்குறதுக்குள்ள அடுத்த நோட்டு வந்துரும், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உருண்டுகிட்டே கிடக்கும், பாடுறவங்களுக்கு சுருதியே கிடைக்காது. 1971ல வந்த 'வென் தி லெவி பிரேக்ஸ்' கேளுங்க, ஹெட்லி கிரேஞ்ச்ங்கிற பழைய வீட்டோட பெரிய ஹால்ல டிரம்ஸை வச்சு மாடிப்படியில இருந்து மைக்கைத் தொங்கவிட்டு ரெக்கார்ட் பண்ணினது, செப்பெலின் டிரம்மர் ஜான் பான்ஹம் அடிக்கிற ஒவ்வொரு அடியும் அந்த ஹாலோட எக்கோவோட சேர்ந்து மலை மாதிரி வரும். அங்க ஜோன்ஸ் அலங்காரம் பண்ணவே இல்ல, திடமா ஒரே பிடியா நிக்குறாரு. எக்கோ உள்ள இடத்துல நோட்டைக் குறைங்க, நீளத்தைக் குறைங்க, வால்யூமைக் கூட்டுறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க.

அடுத்தது கிக் டிரம், காலால அடிக்கிற பெரிய டிரம். ஜோன்ஸுக்கும் பான்ஹமுக்கும் ரெண்டு பேருக்குமே அமெரிக்காவோட மோடவுன் கம்பெனி பாட்டும் ஜேம்ஸ் பிரவுன்ங்கிற பாடகரோட பாட்டும் ரொம்பப் பிடிக்கும், அந்தப் பாட்டுல எல்லாம் பேஸும் கிக்கும் சேர்ந்துதான் நடக்கும். செப்பெலின்ல கிட்டார் வாசிக்க ஜிம்மி பேஜ் ஒரே ஆளு, மேடையில அவரு சோலோவுக்குப் போயிட்டா கீழ தாங்குறதுக்கு ரிதம் கிட்டார் கிடையாது, பேஸும் டிரம்ஸும் மட்டும்தான். அப்ப அவங்க ரெண்டு பேரும் எவ்வளவு சேர்ந்து இருந்திருக்கணும்னு நினைச்சுப் பாருங்க.

நம்ம ஊர்ல நிறைய இடத்துல டிரம் செட் இருக்காது, குச்சியால தட்டுற எலெக்ட்ரானிக் ஆக்டோபேட்தான், பரவாயில்ல. பிராக்டிஸுக்கு அரை மணி நேரம் முன்னாடி ஆக்டோபேட் வாசிக்கிற தம்பியும் நீங்களும் மட்டும் போங்க, வேற யாரும் வேண்டாம். அவன் ஒரு பேட்டர்ன் வாசிக்கட்டும், நீங்க கிக் விழுற இடத்துல மட்டும் ஒரே நோட்டை வையுங்க, வேற எங்கயும் வைக்காதீங்க. அப்புறம் ஸ்னேர், அதாவது டப்னு கூர்மையா கேக்குற சின்ன டிரம், விழுற இடத்துல உங்க நோட்டை நிறுத்துங்க, ஸ்னேர் தனியா கேக்கணும். இது சரியா விழும்போது கிக்குக்கே ஒரு சுருதி வந்த மாதிரி இருக்கும், எது கிக் எது பேஸ்னு பிரிக்க முடியாது, அந்தச் சத்தம் ஒரு தடவை காதுல விழுந்துட்டா அதுக்கு அப்புறம் நீங்க அதை விட மாட்டீங்க. நம்ம கீர்த்தனைகள்ல நிறைய ஆறெட்டு தாளத்துல வரும், அதுலயும் இதே மாதிரி செய்யுங்க, ஒண்ணும் நாலும் மட்டும் பிடிச்சு மீதியை விட்டுப் பாருங்க.

முதல் ஆல்பத்தோட முதல் பாட்டு 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்'ல பான்ஹம் ஒரே பெடல்ல, ஒத்தைக் காலால, டிரிப்ளெட், அதாவது மூணு மூணா அடி, அடிக்கிறாரு. அதைக் கேட்டுட்டு பேஸ் ஒவ்வொரு டிரிப்ளெட்டையும் துரத்தணும்னு நினைக்க வேண்டாம், முக்கியமான அடி எதுன்னு பார்த்து அதுல சேர்ந்தா போதும்.

கீபோர்டு பத்தி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், ஏன்னா நம்ம கொயர்ல பேஸ் கேக்காம போறதுக்குப் பெரிய காரணம் இதுதான்னு நான் நம்புறேன். கீபோர்டு வாசிக்கிறவங்க தனியா வாசிச்சுப் பழகினவங்க, இடது கை எப்பவும் கீழ் ஆக்டேவ்ல பேஸ் பிடிச்சுக்கிட்டே இருக்கும், ஸ்டைல், அதாவது கீபோர்டுலயே தானா ஓடுற தாளம், போட்டா அதுக்குள்ளயும் ஒரு பேஸ் ஓடும். அப்ப ஒரே நேரத்துல மூணு பேஸ். யாராலயும் மிக்ஸ் பண்ண முடியாது. ஜோன்ஸ் ரெண்டும் வாசிச்சவரு, 'சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ'ல ஆர்கனும் வாசிச்சு காலால பேஸ் பெடலும் வாசிச்சிருக்காரு, கீழ ஒரே குரல்தான் இருக்கணும்னு அவருக்குத் தெரியும். அதனால பிராக்டிஸ்ல சண்டை போடாம பைய சொல்லுங்க, "அண்ணே, இந்தப் பாட்டுக்கு இடது கையை ஒரு ஆக்டேவ் மேல வச்சுக்கிடுங்க, ஸ்டைல்ல பேஸை மட்டும் ஆஃப் பண்ணிருங்க, ஒருக்கா கேட்டுப் பாப்போம்". அவரு வயசுல மூத்தவரா இருந்தா பாஸ்டர் முன்னாடியோ கொயர் மாஸ்டர் முன்னாடியோ சொல்லாதீங்க, தனியா சொல்லுங்க. ஒருக்கா கேட்டா அவருக்கே வித்தியாசம் தெரியும்.

இனி ஃபில், அதாவது வரிக்கு நடுவுல போடுற சின்ன அலங்காரம். எல்லாருக்கும் ஆசை உள்ள இடம், நல்ல ஆசைதான். 'தி லெமன் சாங்' எடுங்க, அதுவும் ரெண்டாவது ஆல்பம்தான், ஆறு நிமிஷத்துக்கு மேல ஓடும். நடுவுல கிட்டார் ஒதுங்கி செப்பெலின் பாடகர் ராபர்ட் பிளான்ட் மெதுவா பாடுற இடம் வரும், அங்க பேஸ் நடந்துகிட்டே இருக்கும், பெரும்பாலும் அப்ப அப்ப மனசுல தோணுனதை வாசிச்சது. அந்த இடத்தை மட்டும் கண்ணை மூடிக் கேளுங்க. பிளான்ட் ஒரு வரி பாடி மூச்சு எடுக்குற இடத்துல பேஸ் பேசும், அவரு அடுத்த வரியை ஆரம்பிச்சதும் பேஸ் அடங்கும்.

இதை நம்ம பாட்டுல எப்படிச் செய்றது? ஒரு பாமாலையோ கீர்த்தனையோ எடுத்து, பேஸ் இல்லாம வரிகளைப் பாடி எங்கெல்லாம் மூச்சு எடுக்குறோமோ அங்க பாட்டுப் புஸ்தகத்துல பென்சில்ல ஒரு கோடு போடுங்க. ஃபில் அந்தக் கோட்டுல மட்டும்தான், அதுலயும் எல்லாக் கோட்டுலயும் வேண்டாம். பல்லவி திரும்புற இடத்துல ஒண்ணு, சரணம் முடியுற இடத்துல ஒண்ணு போதும். ஜி மேஜர்னா இந்த நோட்டுகளைக் கையில வச்சுக்கிடுங்க: ஈ கம்பி 3ல ஜி, 5ல ஏ, ஏ கம்பி 2ல பி, 5ல டி, டி கம்பி 2ல ஈ, 5ல மேல் ஜி. இந்த ஆறையும் மேல கீழ முன்னப் பின்ன போட்டுப் பாருங்க, எதுவும் தப்பா கேக்காது. அதுக்கு அப்புறம் அடுத்த கார்டுக்குப் போற வழி. ஜி கார்டுல இருந்து சி கார்டுக்குப் போகணும்னா நாலு பீட்டையும் ஜி ஜி ஜி ஜின்னு அடிக்காம ஜி, ஜி, ஏ, பி-ன்னு வந்து சியில இறங்குங்க. அது பழகுனதும் ஜி, டி, ஏ ஷார்ப், பி, அப்புறம் சி. ஏ கம்பியில 1, 2, 3ன்னு வரிசையா ஏறி வரும் அந்தக் கடைசி மூணும், அந்த ஏ ஷார்ப் ஸ்கேல்ல இல்லாத நோட்டுதான், ஆனா ஓடிப்போயி சியில சேர்றதுனால காதுக்கு இனிக்கும். இந்த மாதிரி நடை செப்பெலின் பேஸ்ல நிறைய வரும். ரொம்பப் போட்டா சலிச்சுரும், ஒரு பாட்டுக்கு ரெண்டு தடவைக்கு மேல நான் போட மாட்டேன்.

செத்த நோட்டும் பழகுங்க, இடது கையில ரெண்டு விரலைக் கம்பி மேல தளர்வா போட்டுக்கிட்டு வலது விரலால அடிச்சா டக்னு ஒரு சத்தம் மட்டும் வரும், சுருதி வராது. ரெண்டு நிஜ நோட்டுக்கு நடுவுல இதைப் போட்டா நோட்டு கூடாமலே ஓட்டம் கூடும்.

கடைசியா 'பிளாக் டாக்', 1971, நாலாவது ஆல்பம். பாட்டோட ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற இசைத் துண்டு, ஜோன்ஸ் கொண்டு வந்தது. பிளான்ட் தனியா ஒரு வரி பாடுவாரு, உடனே மொத்த பேண்டும் அந்த ரிஃப்பை வாசிச்சுப் பதில் சொல்லும், ஒரு இடத்துல ரிஃப் தாளத்தைக் குறுக்கால வெட்டிக்கிட்டுப் போகும், ஆனா பான்ஹம் நேர் நாலுலயே நிப்பாரு. முதல் தடவை கேட்டா எல்லாருக்கும் கணக்கு தப்பும். நம்ம ஊர் கோயில் திருவிழாவுல செண்டமேளம் கேட்டிருப்பீங்கல்லா, முன்னாடி நிக்கிற செண்டைக்காரங்க எங்கெங்கயோ போயி சுத்திட்டு வருவாங்க, பின்னாடி இலத்தாளம் மட்டும் அசையாம எண்ணிக்கிட்டே நிக்கும், அதே கதைதான் இங்கயும். அதனால ரிஃப்பை எண்ணாதீங்க, காலால நேர் நாலைத் தட்டிக்கிட்டு வாயால ரிஃப்பைப் பாடுங்க. கால் தடுமாறிக்கிட்டு இருக்குற வரைக்கும் பேஸை எடுக்க வேண்டாம். கால் தடுமாறாம நிலைச்சதுக்கு அப்புறம் விரல்ல வர அதிக நாள் ஆகாது.

வரிசை கேட்டா முதல்ல 'ராம்பிள் ஆன்' கோரஸ், அப்புறம் அதோட வெர்ஸ், அதுக்கு அப்புறம் 'இமிக்ரன்ட் சாங்'ல வர்ற எஃப் ஷார்ப் ஆக்டேவ் பாய்ச்சல், அது வலது கைக்கு நல்ல வேலை குடுக்கும், கை வலிச்சா உடனே நிறுத்திருங்க, வலியோட வாசிக்கக்கூடாது. அப்புறம் 'லெமன் சாங்', கடைசியா 'பிளாக் டாக்'. ஒவ்வொண்ணையும் மாசக்கணக்குல வச்சுக்கிடுங்க, அவசரம் வேண்டாம்.

வீட்டுல பேஸுக்குன்னு ஆம்ப் இல்லன்னா கீபோர்டு ஆம்ப்ல சொருகலாம், சின்ன கிட்டார் ஆம்ப்ல சத்தமா வைக்காதீங்க, கோன் கிழிஞ்சுரும். சர்ச்ல நேரா மிக்ஸருக்குக் குடுக்குறதா இருந்தா நடுவுல ஒரு டிஐ பாக்ஸ், அதாவது பேஸ் சிக்னலை மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி, போடச் சொல்லுங்க.

இன்னொண்ணு, ஆராதனை நடக்கும்போது போனை பேஸ் பக்கத்துல வைக்காம சபை உக்காந்திருக்குற இடத்துல, நடு வரிசையில, ரெக்கார்ட் போட்டு வையுங்க. வீட்டுக்கு வந்து ஹெட்போன்ல கேக்கும்போது உங்க ஃபில் எப்படி இருக்குன்னு பார்க்காதீங்க, மூணு விஷயம் மட்டும் பாருங்க: கிக்கும் நீங்களும் ஒரே நேரத்துல விழுறீங்களா, ஸ்னேர் தனியா கேக்குதா, பாடுறவங்க வார்த்தை எந்த இடத்துலயாவது உங்க நோட்டுக்குள்ள முங்கிப் போகுதா. முங்குற இடத்தைப் பாட்டுப் புஸ்தகத்துல குறிச்சு வச்சுட்டு அடுத்த வாரம் அங்க ஒரு நோட்டைக் குறைச்சு வாசிச்சு மறுபடி ரெக்கார்ட் பண்ணுங்க. நவம்பர்ல கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா ஆரம்பிச்சுட்டா அப்புறம் கிறிஸ்துமஸ் கேரல் முடியிற வரைக்கும் நம்ம மாவட்டத்துல கொயர்காரங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது, அதனால இந்த வேலையையெல்லாம் ஆகஸ்ட் செப்டம்பர்லயே தொடங்கிருங்க, ஆக்டோபேட் தம்பியையும் கூடவே கூட்டிக்கிடுங்க.